ஆங்கிலமும் ‘திறமை’யும்: ஈழத்துக் கல்வி வரலாற்றில் ஒரு நோக்கு

ஆங்கிலம் பேசத் தெரிந்தவரைக் கெட்டிக்காரர் என்றும், பேசத் தயங்குபவரை விவேகம் குறைந்தவர் என்றும் கொள்ளும் வழக்கம் ஈழத்தில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கணிதத்தில் ஆழ்ந்த அறிவுடைய மாணவன் ஒருவன் ஓர் ஆங்கில வாக்கியத்தைத் தட்டுத் தடுமாறிச் சொல்லுமிடத்து, அவனது கணித அறிவே ஐயத்துக்குள்ளாகின்றது. வேறெந்த மொழிக்கும் இத்தகைய அதிகாரம் இந்நாட்டில் வழங்கப்பட்டதில்லை. சிங்களம் அறியாத தமிழரையோ, தமிழ் அறியாத சிங்களவரையோ மூளைத்திறன் குறைந்தவர் என எவரும் எண்ணுவதில்லை. அவர் அம்மொழியைக் கற்கவில்லை என்று மட்டுமே கொள்வர். ஆங்கிலத்தைப் பொறுத்தவரையில் மட்டும் ‘கற்கவில்லை’ என்பது ‘கற்க இயலாதவர்’ என்று பொருள்படலாயிற்று. இப்பொருள் மாற்றம் எவ்வாறு ஏற்பட்டது என்பதை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடத்தில் மூன்று சொற்களை வேறுபடுத்திக் கொள்ளுதல் பொருத்தமானது. ஆற்றல் என்பது ஒருவரிடம் இயல்பாக அமைந்துள்ள சக்தியைக் குறிக்கும். திறன் என்பது பயிற்சியினாலும் பழக்கத்தினாலும் கைவருவது. தகைமை என்பது ஒரு நிறுவனம் பரீட்சை நடத்திச் சான்றளித்து வழங்குவது. பேச்சு வழக்கிலே ‘திறமை’ என்னும் சொல் இம்மூன்றையும் ஒருங்கே சுட்டப் பயன்படுகின்றது. ஈழத்தின் ஆங்கிலக் கல்வி வரலாற்றில் நேர்ந்த பெரும் மயக்கம் இச்சொல்லினுள்ளேயே பொதிந்து கிடக்கின்றது எனலாம். வாய்ப்புள்ள சிலர் திறனைப் பெற்றனர். அத்திறனுக்கு அரசு தகைமை வழங்கியது. அத்தகைமையைச் சமூகம் பிறவி ஆற்றலாகக் கண்டது. இவ்வரிசையில் வாய்ப்பு என்னும் முதற்படி மட்டும் கண்ணுக்குப் புலப்படாது மறைந்துபோயிற்று.

வட்டுக்கோட்டைச் செமினரி

ஆள்வோரின் மொழியை அறிந்தோர் பயன்பெறுதல் ஆங்கிலேயர் காலத்துக்கு முன்னரும் இருந்ததே. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் மொழிபெயர்ப்பாளரும் முதலியாரும் அம்மொழியறிவினாற் பதவி பெற்றனர். எனினும் அம்மொழிகள் கல்வியின் அளவுகோலாக அமையவில்லை. இலக்கண இலக்கியம் வல்லவரே அக்காலத்திலும் கற்றோர் என மதிக்கப்பட்டனர். இந்நிலை மாறுவதற்கான தொடக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் காணலாம். 1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்து பாடசாலைகளை நிறுவத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கெனச் செமினரி ஒன்று அவர்களால் அமைக்கப்பட்டது. டானியல் பூவர் அதன் முதல் அதிபராக விளங்கினார். மறு ஆண்டு உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கிற்று.

செமினரியின் பாடத்திட்டம் விரிவானது. ஆங்கிலத்தோடு தமிழ் இலக்கிய இலக்கணம், வடமொழி, கணிதம், வானியல், இயற்கை விஞ்ஞானம் ஆகியனவும் அங்கு கற்பிக்கப்பட்டன. பிற்காலத்தில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் இந்நிறுவனத்தைப் பெரிதும் பாராட்டி எழுதியுள்ளார். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் இச்செமினரியிற் பயின்றவர்களே. சிறுப்பிட்டியிலிருந்தும் சுதுமலையிலிருந்தும் சென்ற தமிழ் இளைஞர் இருவர் ஒரு மாகாணம் முழுவதுக்குமான புதிய பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றமை, யாழ்ப்பாணத்தாரின் தனிப்பட்ட மூளைத்திறனுக்குச் சான்றென இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றது.

இவ்விருவரின் ஆற்றலையும் எவரும் மறுக்கவியலாது. ஆயினும் அவ்வாற்றல் எத்தகைய சூழலில் வெளிப்பட்டது என்பதும் நோக்கத்தக்கது. செமினரி ஒரு விடுதிப் பாடசாலை. மாணவர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கி, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியரோடு நாள்தோறும் பழகிக் கற்றனர். அமெரிக்காவில் இருந்த கொடையாளர் பலர் மாணவர் பராமரிப்புக்குப் பணம் அனுப்பினர். அவ்வாறு உதவியோரின் பெயர்கள் மாணவருக்குச் சூட்டப்பட்டன. ‘கரோல்’ போன்ற பெயர்கள் தமிழ்ப் பெயர்களின் முன்னே நிற்பதற்கு இவ்வழக்கமே காரணமாகும். ஆகவே நீண்ட காலம், நல்லாசிரியர், உணவும் உறையுளும், ஆங்கிலத்தை இடைவிடாது கேட்டுப் பேசும் சூழல் ஆகிய நான்கும் அம்மாணவருக்கு ஒருங்கே கிடைத்தன. அவர்களுட் பெரும்பாலோர் வேளாளர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பதும் மறக்கத்தக்கதன்று. அதே காலத்தில், அதே கிராமங்களில், செமினரி வாசலைக் காணாத பிள்ளைகளின் ஆற்றல் எத்தகையது என்பதை அளந்து பார்க்க எவரும் முற்படவில்லை.

தாமோதரம்பிள்ளை தாம் பெற்ற ஆங்கிலக் கல்வியை எதற்குப் பயன்படுத்தினார் என்பதும் கவனத்துக்குரியது. 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தையும், 1881இல் வீரசோழியத்தையும், 1887இல் கலித்தொகையையும் அவர் பதிப்பித்தார். பேர்சிவல் பாதிரியாரின் யாழ்ப்பாணப் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவித் தமிழ் உரைநடைக்குப் புத்துயிர் அளித்தார். இவர்களுக்கு ஆங்கிலம் ஒரு கருவி. அவர்களின் புலமைக்கு அது துணையாயிற்றேயன்றி, அப்புலமையின் அளவுகோலாக அமையவில்லை.

உத்தியோகமும் மொழியும்

ஆங்கிலத்தை அளவுகோலாக மாற்றியது அரசாட்சியின் தேவையேயாகும். கோல்புறூக், கமரன் ஆகியோரின் விசாரணை அறிக்கைகளைத் தொடர்ந்து 1833இற் செய்யப்பட்ட சீர்திருத்தங்கள் இந்நாட்டு வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். நிர்வாகச் செலவைக் குறைப்பதற்கும், பெருகிவந்த அலுவல்களைக் கவனிப்பதற்கும் ஆங்கிலம் அறிந்த உள்ளூர் உத்தியோகத்தர் வேண்டப்பட்டனர். 1835இற் கொழும்பு அக்கடமி தோன்றியது. அதுவே 1881இல் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1841இல் மத்திய பாடசாலை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. இவற்றினூடாக ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கான வாயிலாயிற்று.

மிசனரிமார் எதிர்பாராத விளைவொன்று இதனால் ஏற்பட்டது. வட்டுக்கோட்டையிற் கற்றோரிற் பலர் மதபோதகராகாது அரச சேவையிலும் வணிக நிலையங்களிலும் தொழில் தேடிச் சென்றனர். அமெரிக்க மிசன் சங்கத்தின் செயலாளரான றூபஸ் அன்டர்சன், சமயப் பிரசாரத்துக்குத் தாய்மொழியே ஏற்றதென்றும், ஆங்கிலம் மாணவரைத் தம் மக்களிடமிருந்து பிரிக்கின்றதென்றும் கருதினார். அதன் விளைவாக 1855இற் செமினரி மூடப்பட்டது. ஆனால் ஆங்கிலக் கல்விக்கான வேட்கை தணியவில்லை. 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கப்பட்டமைக்கு உள்ளூர் மக்களின் வேண்டுதல் முக்கிய காரணமாயிருந்தது. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி தோன்றியபோது, சைவச் சூழலிலே ஆங்கிலக் கல்வி பெறும் வழியும் திறந்தது. நீர்வளமும் நிலவளமும் குறைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆங்கிலக் கல்வி ஒரு விளைநிலமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் பணிபுரிந்தோர் அனுப்பிய பணம், குடாநாட்டுக் கிராமங்களிற் கல்வீடுகளாகவும் காணிகளாகவும் மாறியது.

இவ்வாறு ஆங்கிலம் வருமானத்துடனும் அந்தஸ்துடனும் இணைந்த நிலையில், அதனைக் கற்ற பிள்ளை குடும்பத்தின் ‘கெட்டிக்காரப் பிள்ளை’யானான். சீதனச் சந்தையில் அவனது விலை உயர்ந்தது. காணியை ஈடுவைத்துப் பாடசாலைக் கட்டணம் செலுத்திய தந்தையின் துணிவோ, தன் படிப்பை நிறுத்தி வீட்டுவேலையை ஏற்ற சகோதரியின் தியாகமோ அக்கெட்டித்தனத்தின் கணக்கிற் சேர்க்கப்படவில்லை.

மானிப்பாயிற் கிடைத்த சான்று

அறிவாற்றல் ஆங்கிலத்தில் மட்டுமே வெளிப்படும் என்ற எண்ணம் பரவிக்கொண்டிருந்த காலத்திலேயே அதற்கு மாறான வலுவான சான்றொன்றும் யாழ்ப்பாணத்திற் கிடைத்தது. 1847இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவப் போதனையை நடத்தினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், 1864இலிருந்து தமிழைப் போதனாமொழியாகக் கொண்டார். உடற்கூற்றியல், இரசாயனம், சத்திரசிகிச்சை போன்ற துறைகளின் நூல்களைத் தமிழாக்குவதற்கும் கலைச்சொற்களை உருவாக்குவதற்கும் பெருமுயற்சி எடுத்தார். அவரிடம் பயின்றோர் அறுபதுக்கு மேற்பட்டவராவர். ஆங்கிலத்திற் கற்றோர் அரச உத்தியோகத்தை நாடிப் பட்டினங்களுக்குச் செல்ல, தமிழிற் கற்றோர் கிராமங்களில் தங்கி மக்களுக்குப் பணிபுரிவர் என்பது அவரது எதிர்பார்ப்பாகும்.

இம்முயற்சி கிறீனின் காலத்துக்குப் பின்னர் நிலைக்கவில்லை. எனினும் அதன் வரலாற்று முக்கியத்துவம் பெரிது. மருத்துவம் போன்ற கடினமான துறையையும் ஆங்கிலப் போதனையின்றிக் கற்றுத் தேறலாம் என்பதை அது செயலளவிற் காட்டியது. நோயைக் கண்டறியும் ஆற்றலும், கத்தியைக் கையாளும் திறனும் ஆங்கில மொழித்திறனின் வேறானவை என்பது மானிப்பாயிலே தெளிவாயிற்று. அம்முயற்சி நின்றுபோனமைக்குக் கற்றோரின் ஆற்றற் குறைவைக் காரணமாகக் கூறவியலாது. உயர்கல்விக்கும் உத்தியோகத்துக்குமான தகைமையை வழங்கும் அதிகாரம் முழுவதும் ஆங்கிலத்தின்பாற் சென்றமையே அதற்கு அடிப்படையான காரணம் எனலாம்.

பரீட்சையின் ஆட்சி

1869இற் பொதுப் போதனைப் பகுதி நிறுவப்பட்டதை அடுத்து, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றுக்கேற்பப் பணம் வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. பரிசோதகர் ஆண்டுதோறும் வந்து வாசிப்பு, எழுத்து, எண் என்பவற்றிற் சோதித்துச் சித்தியடைந்தோரின் எண்ணிக்கைக்கேற்ப நன்கொடையை நிர்ணயிப்பார். இதனால் ஆசிரியரின் கவனம் பரிசோதகர் கேட்கக்கூடிய பகுதிகளை மனனம் செய்விப்பதிற் சென்றது. மொழியைப் புரிந்துகொள்வதும், அம்மொழியிற் சிந்திப்பதும் பின்தள்ளப்பட்டன. நினைவாற்றல் மிக்கவனே திறமைசாலி என்ற கருத்து வலுப்பெற்றது.

1880இலிருந்து கேம்பிறிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கையில் நடத்தப்படலாயின. வினாக்கள் இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டன; விடைத்தாள்கள் கப்பலேறிச் சென்று அங்கேயே திருத்தப்பட்டன. யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் அறிவை அவனது கிராமத்தையோ மொழியையோ அறியாத ஒருவர் மதிப்பிட்டார். இப்பரீட்சைகளால் நன்மை விளையவில்லை என்று கூறுவதற்கில்லை. குடும்பச் செல்வாக்கையும் சிபாரிசையும் விட எழுத்துப் பரீட்சை நேர்மையானது. காரைதீவைச் சேர்ந்த மயில்வாகனம் என்னும் இளைஞர் மட்டக்களப்பிற் கற்று 1908இற் கேம்பிறிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியடைந்தார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். அவரே பின்னர் சுவாமி விபுலானந்தராகி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். பரீட்சை என்னும் ஏணி இல்லாதிருப்பின் கீழ்மாகாணக் கடலோரக் கிராமமொன்றின் பிள்ளைக்கு அவ்வுயர்ச்சி எளிதாயிராது.

ஆனால் அந்த ஏணியின் அடிப்படிகள் எல்லோருக்கும் எட்டவில்லை. ஆங்கிலப் பாடசாலைகள் கட்டணம் அறவிட்டன. தாய்மொழிப் பாடசாலைகள் இலவசமாயினும் அவை உயர்கல்விக்கு இட்டுச் செல்லவில்லை. இரண்டுக்குமிடையே இருமொழிப் பாடசாலைகள் சில இருந்தன. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1870இல் அரச புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிறிட்ஜ் சென்று, 1875இல் இலங்கைச் சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை மூலம் தெரிவான முதல் இலங்கையரானார். அவரது மேதைமை ஐயத்துக்கிடமற்றது. ஆயினும் அவர் செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பத்திற் பிறந்து, கொழும்பு அக்கடமியிற் பயின்றவர் என்பதும் உண்மையே. தாம் ஏறிய ஏணி பிறருக்கு எட்டாதது என்பதை அவரே உணர்ந்திருந்தார் போலும். இந்நாட்டுக்கெனப் பல்கலைக்கழகம் வேண்டுமென 1906இல் எழுந்த இயக்கத்தில் முன்னின்ற அவர், சுதேச மொழிகளுக்குக் கல்வியில் உரிய இடம் வேண்டுமெனவும் வற்புறுத்தினார்.

ஏணியின் அடியையே காணாதோரும் இருந்தனர். யாழ்ப்பாணத்திற் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் பாடசாலையில் மற்றையோருடன் ஒரே வாங்கில் அமர்வதற்கே 1920களின் இறுதியிலும் போராட வேண்டியிருந்தது. மலையகத்துத் தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை ஓர் ஆசிரியருடன், ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. அங்கு ஆங்கிலம் துரையின் மொழியாகவும், கிளாக்கரின் மொழியாகவும் மட்டுமே கேட்டது. தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திற் கவிதை எழுதிப் புகழ்பெற்றார். ஆனால் அவர் கங்காணிக் குடும்பத்தின் வாரிசாகக் கொழும்பு சென்று கற்கும் வாய்ப்புப் பெற்றவர். கொழுந்து பறித்த தொழிலாளியின் பிள்ளைகளுள் அத்தகைய கவிஞர் எத்தனைபேர் இருந்தனர் என்பதற்கு எந்தப் பரீட்சைப் பட்டியலும் விடை தராது.

இலவசக் கல்வியும் தாய்மொழியும்

இந்நிலையை மாற்ற முயன்ற சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் வாழ்க்கையே வாய்ப்புக்கும் ஆற்றலுக்குமுள்ள தொடர்பை விளக்குவது. அம்பலாங்கொடைப் பகுதியிற் பிறந்த அவர், காலி றிச்மன்ட் கல்லூரியிற் கற்பதற்குக் கிடைத்த புலமைப்பரிசிலினால் முன்னேறியவர். 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாக இருந்த அவரது தலைமையிலான விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமங்களிற் மத்திய பாடசாலைகள் எழுந்தன. ஆரம்பக் கல்வி தாய்மொழியிலானது. ஒருவருக்குக் கிடைத்த புலமைப்பரிசிலை ஒரு நாட்டின் பிள்ளைகள் அனைவருக்கும் உரிமையாக்கும் முயற்சி எனில் அது மிகையாகாது.

அதனையடுத்து நிகழ்ந்தவை, ‘திறமை’ எனக் கருதப்பட்டதன் உண்மை இயல்பைப் புலப்படுத்தின. 1956இற் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாக்கப்பட்டது. ஆங்கிலத்திற் கடமை புரிந்துவந்த தமிழ் எழுதுவினைஞர் தமது பதவியையும் பதவியுயர்வையும் காத்துக்கொள்ளச் சிங்களப் பரீட்சையிற் சித்தியடைய வேண்டியவராயினர். சட்டம் நிறைவேறிய மறுநாள் அவர்களது அறிவு ஓர் அணுவும் குறைந்துவிடவில்லை. கடிதம் வரையும் திறனும், கணக்குப் பார்க்கும் நுட்பமும், இருபது ஆண்டு அனுபவமும் அவர்களிடம் அவ்வாறே இருந்தன. ஆயினும் அவற்றின் பெறுமதி மாறியது. எந்தத் திறனைத் தகைமையாக ஏற்பது என்பதை அரசு தீர்மானிக்கின்றது என்ற உண்மையைத் தமிழர் மிகக் கசப்பான முறையிலே கற்றுக்கொண்டனர். அச்சட்டத்தின் அநீதி மறைக்கத்தக்கதன்று. அதே வேளையில், அதற்கு முந்திய நூற்றாண்டில் ஆங்கிலம் அறியாத பெரும்பான்மைத் தமிழரும் சிங்களவரும் அனுபவித்துவந்த நிலையும் இத்தகையதே என்பதைச் சிந்தித்தோர் சிலரேயாவர். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இந்நாட்டில் ஆங்கிலம் அறிந்தோர் பத்துப் பேருக்கு ஒருவர்கூட இல்லை.

1942இல் ஆங்கிலத்தைப் போதனாமொழியாகக் கொண்டு தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்திற்குள் 1960இற் சிங்கள, தமிழ் மொழிமூல மாணவர் புகுந்தனர். விவசாயிகளின் பிள்ளைகளும் சிறு வணிகரின் பிள்ளைகளும் பேராதனையின் விரிவுரை மண்டபங்களில் அமர்ந்தனர். அறிவு ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் மீண்டும் மெய்ப்பிக்கப்பட்டது. ஆயினும் நூலகத்தின் அலுமாரிகளில் இருந்தவை பெரும்பாலும் ஆங்கில நூல்களே. ஆங்கிலம் பாடசாலைகளில் இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்பட வேண்டுமென விதிக்கப்பட்டிருந்தபோதும், கிராமப்புறங்களிற் பயிற்சி பெற்ற ஆங்கில ஆசிரியர் போதியளவு இருக்கவில்லை. பாடநேர அட்டவணையில் ஆங்கிலம் இருந்தது. வகுப்பறையில் அது இருக்கவில்லை. பட்டினத்துப் பிரபல பாடசாலைகளில் மட்டும் வீட்டிலும் வெளியிலும் ஆங்கிலம் தொடர்ந்தது.

வாளாகிய மொழி

இச்சூழலிற் பேராதனைச் சிங்கள மாணவரிடையே ஆங்கிலத்தைக் குறிக்க ‘கடுவ’ என்னும் சொல் வழங்கிற்று. வாள் என்பது அதன் பொருள். ஆங்கிலத் துறையைச் சேர்ந்த திரு கந்தையா 1984இல் வெளிவந்த கட்டுரையொன்றில் இச்சொல்லின் சமூக உள்ளடக்கத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். வாள் எவரிடம் உள்ளதோ அவர் வெட்டுவார், இல்லாதவர் வெட்டுப்படுவார். ஆங்கிலம் அதிகாரத்தின் கருவி என்பதை இம்மாணவர் தெளிவாக உணர்ந்திருந்தனர். அவர்கள் அதனை வெறுத்தனர்; அதே வேளையில் அதனைப் பெறவும் விரும்பினர். ஒரு சமூகத்தின் உள்ளத்து முரண்பாட்டை இதனினும் சுருக்கமாகச் சொல்லும் சொல்லைக் காண்பதரிது. இவ்வுருவகத்திற் கவனிக்க வேண்டிய பிறிதொன்றும் உண்டு. வாள் கையில் ஏந்தப்படுவது, உடலோடு பிறப்பதன்று. ஆங்கிலம் பிறவி ஆற்றல் என்ற மேட்டுக்குடி நம்பிக்கையை ஓர் எளிய சொல்லினால் அம்மாணவர் மறுத்துவிட்டனர்.

பின்வந்த அரசுகள் ஆங்கிலத்துக்கு வெவ்வேறு பெயர்களைச் சூட்டின. 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியதோடு ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. 2001இல் உயர்தர வகுப்பு விஞ்ஞானப் பிரிவில் ஆங்கில மொழிமூலக் கல்விக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்கும் உரிய ஆண்டாகப் பிரகடனப்படுத்தப்பட்டபோது, ஆங்கிலம் ‘வாழ்க்கைத் திறன்’ என அழைக்கப்பட்டது. வாள் என்பதிலிருந்து வாழ்க்கைத் திறன் என்பது வரவேற்கத்தக்க மாற்றமே. திறன் எனின் அது கற்பிக்கப்படக்கூடியது, எல்லோருக்கும் உரியது. ஆனால் பெயர்மாற்றத்தினால் மட்டும் ஆசிரியர் தோன்றிவிடுவதில்லை. வன்னியிலோ, படுவான்கரையிலோ, தேயிலைத் தோட்டத்திலோ உள்ள பாடசாலைக்கு நல்ல ஆங்கில ஆசிரியர் செல்லாதவரை, வாழ்க்கைத் திறன் சிலரது வாழ்க்கைக்கு மட்டும் உரிய திறனாகவே எஞ்சும்.

காலமும் ஆற்றலும்

மொழி கற்கும் ஆற்றலில் ஆளுக்காள் வேறுபாடு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஒலிகளை வேறுபடுத்தி நினைவிற் கொள்வதிலும், வாக்கிய அமைப்பை உணர்வதிலும், எடுத்துக்காட்டுகளிலிருந்து விதியை ஊகிப்பதிலும் சிலர் விரைவானவர்கள். இவற்றை அளக்கும் சோதனையொன்றை அமெரிக்க உளவியலாளர் ஜோன் கரோல், ஸ்ரான்லி சேப்பன் என்பவருடன் இணைந்து 1959இல் வெளியிட்டார். ஆனால் அதே கரோல் 1963இல் முன்வைத்த பாடசாலைக் கற்றல் பற்றிய கொள்கை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. ஒரு விடயத்தைக் கற்றுத் தேறுவதற்கு ஒருவருக்கு வேண்டிய கால அளவே அவரது இயல்பான ஆற்றலின் அளவு என அவர் வரையறுத்தார். விரைந்து கற்பவருக்குக் குறைந்த காலம் போதும். மற்றவருக்குக் கூடிய காலம் வேண்டும். வேண்டிய காலமும் தெளிவான போதனையும் அளிக்கப்பட்டு, கற்பவரும் விடாது முயன்றால் அவ்விருவரும் கற்பர்.

இக்கொள்கையின் வெளிச்சத்தில் ஈழத்து ஆங்கிலக் கல்வி வரலாற்றைப் பார்க்குமிடத்து அதன் அநீதி எங்குள்ளது என்பது புலனாகின்றது. வட்டுக்கோட்டை மாணவனுக்கு ஆண்டுக்கணக்கிற் காலம் கொடுக்கப்பட்டது. கொழும்பிற் செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தொட்டிலிலிருந்தே காலம் கொடுக்கப்பட்டது. கிராமப்புற மாணவனுக்கு வாரத்திற் சில பாடநேரங்கள், அவையும் ஆசிரியர் வந்த நாள்களில் மட்டும், கிடைத்தன. மூவரையும் ஒரே நாளில், ஒரே வினாத்தாளுக்கு முன்னே இருத்திவிட்டு, பின்தங்கியவனை ஆற்றலற்றவன் எனத் தீர்ப்பளித்தனர். அப்பரீட்சை அளந்தது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட காலத்தையே.

இத்தீர்ப்பின் கொடுமை, தீர்ப்புப் பெற்றவனே அதனை நம்பத் தொடங்குவதில் உள்ளது. பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டு ஆங்கில வகுப்பிற் பின்வரிசையில் மௌனமாக அமரும் மாணவன், கடினமான உயர்தரப் பரீட்சையிற் தன் மொழியில் வென்று வந்தவன். அவன் சங்கச் செய்யுளுக்குப் பொருள் கூறுவான். பொருளியற் கொள்கையை விவாதிப்பான். ஆயினும் உச்சரிப்புத் தவறினால் எழக்கூடிய ஒரு சிரிப்புக்கு அஞ்சி வாய்திறக்க மறுக்கின்றான். பேசாதவனுக்குப் பேச்சு வருவதில்லை. பேச்சு வராமையே தனக்கு ஆற்றல் இல்லை என்பதற்குச் சான்றென அவன் கொள்கின்றான். ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அவனது நாவின்மேல் அமர்ந்திருப்பதை அவன் அறியான்.

ஆங்கிலத்தை வெறுத்தொதுக்குவது இதற்கு விடையாகாது. தாமோதரம்பிள்ளையும் நாவலரும் விபுலானந்தரும் அதனைக் கற்றுத் தமிழை வளப்படுத்தினர். ஆங்கிலத்தைப் பூசிப்பதும் விடையாகாது. அவ்வழிபாடே அறிவுள்ள பலரை வாயடைக்கச் செய்தது. அதனை நீச்சலைப் போலவும் தச்சுத்தொழிலைப் போலவும் ஒரு திறனாக மட்டும் கருதும் மனப்பான்மையே வேண்டற்பாலது. நீச்சல் அறியாதவனை எவரும் அறிவிலி என்பதில்லை. அவனை நீரில் இறக்கிக் கற்பிக்கின்றனர். விரிவுரையாளர் தவறைத் திருத்துமிடத்து ஏளனத்தை விலக்குதலும், மாணவர் ஒருவர் தவறைக் கேட்டு மற்றவர் நகையாதிருத்தலும் சிறிய செயல்களே. எனினும் மூடியிருந்த வாய்கள் பல அவற்றினால் திறக்கும். ஆசிரியரையும் நூல்களையும் காலத்தையும் பின்தங்கிய பாடசாலைகளுக்குப் பங்கிட்டளிப்பது அரசின் கடனாகும். அவை அளிக்கப்பட்ட பின்னரே எவர் ஆற்றலுடையார், எவர் அல்லார் என்ற கேள்வியை நேர்மையாகக் கேட்க முடியும். அதுவரை ஆங்கிலத்தின் பெயரால் வழங்கப்படும் ‘திறமை’ப் பட்டங்கள், ஆற்றலை அன்றி அது மலர்வதற்குக் கிடைத்த நிலத்தையே அளந்து காட்டுவனவாகும்.